வலியையே கவனித்துக்கொண்டிருப்பவனிடம் இன்னும் கவனி என்பது என்ன நியாயம்?

ஜனவரி 8, வாசகர் ஒருவரின் கேள்வி

கழுத்தில் தொடங்கி வலது தோள் வரை வலி. வருடக்கணக்காக இருக்கிறது. மாத்திரை, ஊசி, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனில் "வயதுக்கேற்ற தேய்மானம்" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. இப்போது மருத்துவர் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது அந்தந்த நொடியில் உடம்பிலும் மனத்திலும் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கிற தியானப் பயிற்சி, பழகிப் பார்க்கச் சொல்கிறார். விழித்திருக்கும் நேரம் முழுவதும் என் கவனம் வலியின் மேல்தான் இருக்கிறது. அதை இன்னும் கவனி என்றால் எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது இல்லையா? அல்லது "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்பதையே நாகரிகமாகச் சொல்கிறாரா?

ஜனவரி 8, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்களை அதிகம் சுட்டது அதுதான் என்று தெரிகிறது.

மனப்பிரமை இல்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வலிக்கு ஒரு வரையறை தந்தது. 2020இல் அதைத் திருத்தியது. இரண்டிலுமே வலி என்பது உடலின் உணர்வும் மனத்தின் உணர்ச்சியும் சேர்ந்த ஓர் அனுபவம். திருத்திய வரையறையோடு சேர்த்த குறிப்புகளில் ஒன்று, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்கிறது. ஸ்கேனில் தெரிந்தால் மட்டும் என்று அதில் நிபந்தனை கிடையாது. அந்த ஒரு வரியை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புமண்டலம் எச்சரிக்கை மணியை அணைக்காமல் வைத்திருக்கலாம். 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள், தண்டுவடத்திலேயே வலிச் செய்திகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிற ஏற்பாடு இருக்கிறது, மூளையிலிருந்து இறங்கி வருகிற செய்திகளும் அதைப் பாதிக்கும் என்று எழுதினார்கள். விவரங்களில் பின்னால் நிறையத் திருத்தம் வந்தது, அடிப்படை நிற்கிறது. மனத்துக்கு இதில் பங்கு உண்டு என்பதும், வலி பொய் என்பதும் வேறு வேறு பேச்சு. உங்கள் மருத்துவர் எதைச் சொன்னார் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை நேராகக் கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி எனக்கும் இருந்தது. நாளை எழுதுகிறேன். உட்கார்ந்த நேரம் போதும் என்று இடுப்பு சொல்கிறது.

ஜனவரி 9

எனக்கு இடுப்பும் இடது காலும். முதுகெலும்பு வட்டு பிதுங்கி, நரம்பை அழுத்தி, பிறகு அழுத்தம் குறைந்துவிட்டதாகப் படம் காட்டியது. கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் ஏற்கெனவே கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று நானும் சண்டை போட்டேன். உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது வலியை இல்லை. அடுத்து வரப்போகும் வலியை. கடன்காரன் வருவானோ என்று வாசலிலேயே காதை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வீட்டுக்குள் நடமாடுகிறவன், அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டான். அப்படித்தான் இருந்தது என் கவனிப்பு.

ஒரே ஒரு காரியத்தைச் சொல்கிறேன்: நாற்காலியிலிருந்து எழுவது. எழுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார் பயிற்சி கொடுத்தவர். பார்த்தேன். எழ வேண்டும் என்று நினைத்த மறுகணமே நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு பாதியில் நிற்கிறது. இடது கை மேசை விளிம்பைப் பிடிக்கிறது. பெருவிரல் நகம் வெளுக்கிற அளவுக்குப் பிடிக்கிறது. வலது தோள் காது வரை ஏறுகிறது. கால் இன்னும் தரையை அழுத்தவே இல்லை, வலி இன்னும் வரவே இல்லை. அதற்குள் உடம்பு ஒரு பெரிய ஆபத்துக்குத் தயாராகி முடித்துவிட்டது. இடுப்பில் இருக்கும் வலிக்கு நாக்கு எதற்குக் காவல் நிற்கிறது?

எத்தனையோ காலமாக ஒவ்வொரு நாளும் எத்தனையோ தடவை இதைச் செய்திருக்கிறேன், தெரியாது. தெரிந்த பிறகும் வலி போகவில்லை. ஆனால் மாலையில் தாடையும் தோளும் சேர்ந்து வலிப்பது குறைந்தது. எனக்குக் கிடைத்த முதல் லாபம் அவ்வளவுதான்.

ஜனவரி 11

"தோள்களைத் தளர விடுங்கள்" என்று ஒலிப்பதிவில் ஒரு குரல் தேன் சொட்டச் சொல்கிறது. தளர விட்டேன். இருந்த பிடிப்பு போனதும் அதற்கு அடியில் இருந்த வலி சுரீரென்று தலைகாட்டியது. இதைப் பற்றி அந்தக் குரல் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 14

வரலாறு கேட்டிருக்கிறார் ஒருவர். "இதெல்லாம் நேற்று வந்த செயலிக் கம்பெனிகளின் வியாபாரம்" என்கிறார் இன்னொருவர்.

வியாபாரம் நேற்று வந்ததுதான். பயிற்சி அப்படியில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979இல் ஜான் கபாட் ஜின் ஒரு வகுப்பைத் தொடங்கினார். பௌத்த தியான முறைகளிலிருந்து சமயச் சடங்குகளை எடுத்துவிட்டு, மருத்துவம் கைவிரித்த நோயாளிகளுக்காக அமைத்தது. வந்தவர்களில் நாள்பட்ட வலிக்காரர்கள் ஏராளம். ஆக, மன அழுத்தம் குறைக்கப் பிறந்ததை யாரோ வலிக்கு ஒட்டவைக்கவில்லை. தொடக்கத்திலேயே நம் ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். இன்று பரவலாக இருக்கும் வடிவம் எட்டு வாரம். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் அமர்வு. படுத்துக்கொண்டு காலிலிருந்து தலை வரை ஒவ்வொரு பாகமாகக் கவனத்தை நகர்த்துகிற பயிற்சி 45 நிமிடம் போகும். 45 நிமிடம் அசையாமல் படுக்க முடிந்தால் நான் ஏன் அந்த வகுப்புக்குப் போகிறேன் என்று கேட்டேன். அசையலாம் என்றார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

1982இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் இருந்தவர்கள் 51 வலி நோயாளிகள். பெரும்பாலோருக்கு முன்னேற்றம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி பெறாத இன்னொரு குழு இல்லை, அதனால் அதை வைத்து அதிகம் பேச முடியாது. எனக்கு நம்பிக்கை தந்தது 2016இல் வந்த ஆய்வு. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 342 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, ஒரு குழுவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றுகிற உளவியல் சிகிச்சை), மூன்றாவது குழுவுக்கு வழக்கமாக என்ன கிடைக்குமோ அதுமட்டும். 26 வாரம் கழித்து அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 60.5, 57.7, 44.1 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி உட்கார்ந்தவர்களும், உளவியலாளரோடு பேசியவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். புதிதாக எதுவும் செய்யாதவர்களிலும் நூற்றில் 44 பேருக்குத் தேவலை. விளம்பரங்களில் இந்த 44ஐக் காணவே முடியாது.

2017இல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் வலி சற்றுக் குறைகிறது, ஆனால் சான்றின் தரம் போதாது என்றார்கள். அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்னால் முயல வேண்டியவற்றில் இதையும் சேர்த்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு வழிகாட்டுதல் எழுதியபோது உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. மைண்ட்ஃபுல்னெஸை இன்னும் ஆராய வேண்டிய பட்டியலில் வைத்தது. கெட்டிக்காரர்கள் ஒரே குவியல் தாளைப் படித்துவிட்டு வேறு வேறு முடிவுக்கு வருகிறார்கள். என் தீர்ப்பு: முயன்று பார்க்கத் தகுந்தது, மூட்டை கட்டிக்கொண்டு ஆசிரமம் போகத் தகுந்ததில்லை.

ஜனவரி 15

"57 சதவீதம் வலி குறைகிறது, மூளை ஸ்கேனிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். அது 2011இல் ஃபாடெல் ஸைடான் என்ற ஆய்வாளரின் குழு செய்தது. நாலு நாள் பயிற்சி, நாளுக்கு 20 நிமிடம். பங்கேற்ற 15 பேரும் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவர்கள். அவர்கள் காலில் 49 டிகிரி செல்சியஸ் சூட்டை விட்டு விட்டு வைத்தார்கள். அந்தச் சூடு சில நொடிகளில் எடுக்கப்பட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். என் காலில் சூடு வைத்திருப்பவர் யார், எப்போது எடுப்பார் என்று எனக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தை எந்தச் சதவீதமும் காட்டாது.

ஆனாலும் அந்த ஆய்வை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அதில் இரண்டு எண்கள் உண்டு. வலியின் தீவிரம் 40 சதவீதம் குறைந்தது. வலி தந்த தொந்தரவு 57 சதவீதம் குறைந்தது. இரண்டும் தனித்தனியாக நகரக்கூடியவை என்பதுதான் எனக்கு முக்கியம். எனக்கு முதலாவது அசையவே இல்லை. இரண்டாவது அசைந்தது.

பிறகு 2016இல் அதே குழு நலாக்சோன் கொடுத்துப் பார்த்தது. உடல் தானே சுரக்கிற அபினி போன்ற பொருள்களின் வேலையைத் தடுக்கிற மருந்து அது. கொடுத்த பிறகும் தியானத்தின் பலன் குறையவில்லை. அபினி வகை மாத்திரை போகிற பாதையில் இது போகவில்லை என்று பொருள். "இயற்கை மார்ஃபின் சுரக்கும்" என்று சொல்லி வகுப்பு நடத்துகிறவர்கள் காதில் யாராவது இதைப் போடுங்கள்.

ஜனவரி 20

எண்ணைப் பற்றிப் பேச வேண்டும். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை?"

மருத்துவருக்கு அது தேவை, குறை சொல்லவில்லை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காலையில் ஆறு, மதியம் ஏழு, பயிற்சிக்கு முன் ஏழு, பயிற்சிக்குப் பின்... ஆறரை? ஏழிலிருந்து ஆறரை என்றால் இன்று நன்றாகச் செய்தேன். எட்டு என்றால் நேரம் வீண். தியானம் தேர்வெழுதுவதாகிவிட்டது. வலியைக் குறைப்பதற்காக வலியைக் கவனித்தால், குறைந்ததா குறைந்ததா என்று எட்டிப் பார்ப்பதே வேலையாகிவிடும். பழைய வாசல் காவல்தான், கண்ணை மூடிக்கொண்டு.

எண்ணை விட்டேன். அந்த நேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். இடது பிட்டத்தின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் குடைச்சல். அது நிரந்தரம். தொடையின் பின்பக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே வலி இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக ஒரு கோடு எரிகிறது. கணுக்காலில் விண்விண் என்று தெறிப்பு, அது மூச்சுக்கு மூச்சு நிற்கிறது, தொடங்குகிறது. சுண்டுவிரல் மரத்திருக்கிறது, மரத்துப்போனது வலிக்கவில்லை. "கால் முழுவதும் வலி" என்று நான் எல்லா மருத்துவரிடமும் சொன்னதற்கு உள்ளே இவ்வளவு காலியிடம்.

மெல்சாக் 1975இல் தயாரித்த வலி வினாத்தாளில் வலியை விவரிக்க 78 சொற்கள் உண்டு, 20 தொகுதிகளாக. எண் போதாது என்பது அப்போதே அவருக்குப் பட்டிருக்கிறது.

ஜனவரி 21

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் வலி பாதிதானே?" என்று கேட்கிறார் ஒருவர். நீங்கள் என் காப்பீட்டு அதிகாரியா?

ஜனவரி 27

மோசமான வாரம். அதனால் இது கொஞ்சம் கடுப்பாக இருக்கும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது "அதன் நடுவுக்குள் போய் மூச்சு விடு" என்கிற அறிவுரை எனக்கு உதவவே இல்லை. உள்ளே போனால் உள்ளேயே மாட்டிக்கொள்கிறேன். அப்போது செய்வது நேர் எதிரானது: வட்டத்தைப் பெரிதாக்குவது. வலியைத் துரத்துவதில்லை, அது இருக்கட்டும். அதோடு கூட உள்ளங்கை என்ன சொல்கிறது? போர்வையின் சொரசொரப்பு. காதில்? எங்கோ மோட்டார் ஓடும் சத்தம், பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள். வலது கால் எப்படி இருக்கிறது? நன்றாக இருக்கிறது, பாவம், அதை யார் விசாரித்தார்கள்? கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாம். கண்ணை மூடினால் வலி மட்டும்தான் மிஞ்சும் என்பவர்கள் மூடவே வேண்டாம்.

சில மூச்சுகள் போதும். கடுமையான நேரத்தில் 45 நிமிடம் உட்காருவேன் என்பது வீரம். எனக்கு அதில் விருப்பமில்லை. அதற்குப் பிறகும் தாங்காவிட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு படம் பார்க்கிறேன். கவனத்தைத் திருப்புவதும் ஒரு வழிதான். தியான வகுப்புகளில் இதை ஏதோ தப்பி ஓடுவதுபோலப் பேசுவார்கள். ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவதில் என்ன குற்றம்?

பிப்ரவரி 2

"ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். ஏற்றுக்கொண்டால் தோற்றுப்போனதாகப் பொருள், மருத்துவமும் கையைக் கழுவிக்கொள்ளும் என்று பயம்.

வலி ஏற்பை அளப்பதற்கு ஒரு வினாத்தாள் உண்டு, 20 கேள்வி. அதில் இரண்டு பகுதி: வலியோடேயே காரியங்களைச் செய்கிறீர்களா என்பது ஒன்று, வலியைக் கட்டுப்படுத்துவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிறீர்களா என்பது மற்றொன்று. வலி பிடித்திருக்கிறதா, அது ஏதாவது பாடம் கற்பித்ததா என்றெல்லாம் எதுவும் கேட்கவில்லை. இந்த அளவுக்கு என்றால் எனக்குச் சம்மதம். வலி போன பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்த வேலைகளில் சிலவற்றை வலியோடேயே எடுத்தேன். மறுபடி புல்லாங்குழல் வாசிக்கிறேன், நின்றுகொண்டு, கொஞ்ச நேரம். மோசமாக வாசிக்கிறேன், அதற்குக் காரணம் இடுப்பு இல்லை.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் இங்கேயே. நான் அறைக்குள் நுழையும்போது என் மனைவி முதலில் என் முகத்தைப் படிப்பாள். அன்றைய வானிலை அதில் இருக்கும். அவள் படிப்பது தெரிந்து நான் முகத்தைச் சரிசெய்வேன். சரிசெய்தது தெரிந்து அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். இரண்டு பேரும் வலிக்குக் காவல். இதற்கு எந்தத் தியானமும் உதவவில்லை. "இன்று மோசம், ஆனால் உன் உதவி வேண்டாம்", "இன்று மோசம், பாத்திரத்தை நீ பார்த்துக்கொள்" என்று இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லப் பழகியதுதான் உதவியது.

பிப்ரவரி 5

ஜனவரி 9இல் எழுதிய நாற்காலி விஷயத்தைப் பற்றி ஒரு பிசியோதெரபிஸ்ட் குறிப்பு அனுப்பியிருக்கிறார், நியாயமான குறிப்பு. உடம்பு விறைத்துக்கொள்வது எப்போதும் கெடுதல் இல்லை. புதிதாக அடிபட்டால் அந்த விறைப்புதான் காப்பாற்றுகிறது. ஆறின பிறகும் விடாமல் இருப்பதுதான் தொல்லை. எனவே விறைப்பை ஒரேயடியாக உதறப் பார்க்க வேண்டாம். நான் செய்தது அதில் தேவையில்லாத பகுதியை விட்டது. மேசையைக் கை பிடிக்கட்டும், எனக்கு அந்தப் பிடி வேண்டும். நாக்கை மட்டும் விடுவித்தேன்.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். "நீ விறைத்துக்கொள்வதால்தான் உனக்கு வலி" என்று யாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. என் வலிக்குக் காரணம் என் நாக்கு இல்லை.

பிப்ரவரி 11

நல்ல நாள்கள்தான் ஆபத்தானவை. காலையில் எழும்போது வலி குறைவாக இருந்தால், சேர்ந்து கிடக்கும் வேலை எல்லாம் ஒரே நாளில். அலமாரியை நகர்த்து, புத்தகங்களை அடுக்கு, அதற்கு மேல் நடைப்பயிற்சி. அடுத்த மூன்று நாள் படுக்கை. பிறகு மறுபடி நல்ல நாள், மறுபடி அலமாரி.

1970களிலேயே வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இதற்கு வழி சொன்னார்: வலி சொல்லி நிறுத்தாதே, கடிகாரம் சொல்லி நிறுத்து. தாங்குகிற நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்து, அந்த அளவோடு நிறுத்தி, மெல்ல மெல்லக் கூட்டு. கெட்ட நாளிலும் கூடியவரை அதே அளவு, நல்ல நாளிலும் அதே அளவு.

கேட்க எளிது. கடிகாரம் அடிக்கும்போது உடம்பு நன்றாக இருக்கும், இன்னும் ஐந்து நிமிடம் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பு வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே ஒரு தள்ளலாக எழுகிறது. அதைக் கண்டுபிடித்ததுதான் இந்தப் பயிற்சியிலிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய லாபம் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாரும் வலியைக் கவனிக்கச் சொன்னார்கள். நான் கவனிக்க வேண்டியிருந்தது என் அவசரத்தை. அலமாரியை விட்டுவிட்டு வருவது இன்னும் எனக்குக் கசக்கத்தான் செய்கிறது.

பிப்ரவரி 12

இரண்டு அம்புக் கதையை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன், எழுதிவிட்டார்கள். புத்தர் சொன்னது: அம்பு தைத்த வலி ஒன்று, அதற்காகப் புலம்பி மனம் படுகிற வேதனை இரண்டாவது அம்பு.

நல்ல உவமைதான். ஆனால் அதை எடுத்து வீசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் அம்பு தைக்காதவர்கள். "இரண்டாவது அம்பு உன் கையில்தான் இருக்கிறது" என்று அவர்கள் சொல்லும்போது அதுவே மூன்றாவது அம்பு.

இரவு மூன்று மணிக்கு மட்டும் அந்தக் கதைக்கு மரியாதை கொடுக்கிறேன். கணுக்காலில் ஒரு தெறிப்பு. நாளை கூட்டத்தில் இரண்டு மணிநேரம் உட்கார வேண்டுமே. முடியாது என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? வேலையை விடச் சொன்னால்? அறுபது வயதில் இது எப்படி இருக்கும்? சக்கர நாற்காலியா? தெறிப்பு எப்போதோ நின்றுவிட்டிருக்கும். நான் முதியோர் இல்லத்தில் இருப்பேன். இந்தச் சங்கிலியைத் தடுக்க என்னால் முடியவில்லை. சில இரவுகளில் மூன்றாவது கண்ணியிலேயே "இதோ கிளம்பியாயிற்று" என்று பிடிபடுகிறது. அப்போது குப்புறப் படுத்திருந்தவன் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறேன். தூக்கம் வந்தாலும் வரும்.

பிப்ரவரி 18

யார் செய்யக் கூடாது என்று கேட்டவருக்கு. இதைச் சுருக்கமாக, சிரிப்பில்லாமல் எழுதுகிறேன்.

புதிய வலியைத் தியானத்தால் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்புவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலம் இழப்பது வந்தால் அன்றே, அந்த மணிநேரமே மருத்துவமனை. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வலி, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

மைண்ட்ஃபுல்னெஸ் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அபினி வகை மருந்துகளையும் கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்புவலி மருந்துகளையும் திடீரென்று விட்டால் உடம்பு கடுமையாகப் பழிவாங்கும். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்படி, படிப்படியாக.

உடம்பின் மேல் வன்முறை நடந்தவர்களுக்கு உடம்பைக் கவனிப்பதே பழையதைக் கிளறிவிடலாம். தியானத்தால் பதற்றமும் மனக்கலக்கமும் கூடியவர்களைப் பற்றி வில்லோபி பிரிட்டன் என்ற ஆய்வாளர் முறையாகவே பதிவு செய்திருக்கிறார். அப்படி ஏதாவது தலைகாட்டினால் நிறுத்துங்கள், விவரம் தெரிந்தவரோடு சேர்ந்து செய்யுங்கள். "தாண்டிப் போ, நல்லது நடக்கிறது" என்று ஆசிரியர் சொன்னால் ஆசிரியரை மாற்றுங்கள்.

பிப்ரவரி 24

எந்தச் செயலி நல்லது என்று தொடர்ந்து கேட்கிறார்கள். நான் பயன்படுத்திய ஒன்று, ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி அறுந்துவிட்டதாக அறிவித்தது. முதுகு பிடித்துப் படுத்திருந்த நாளில் கைப்பேசி அனுதாபப்பட்டது. அழித்துவிட்டேன். பேசுகிற குரல் உங்களுக்கு எரிச்சல் தராமல் இருந்தால் அதுவே நல்ல செயலி.

முடிந்தால், வலியோடு வாழ்ந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வித்யமாலா பர்ச் இளம் வயதிலேயே முதுகெலும்பு காயம் பட்டவர். வலிக்காரர்களுக்காகவே பயிற்சியை மாற்றியமைத்துக் கற்பிக்கிறார். அப்படிப்பட்டவர்களின் வகுப்பில் யாராவது நடுவில் எழுந்து நின்றால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சென்றுவந்த ஒருவர் சொன்னார்.

மார்ச் 3

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். தொடங்கிவிட்டாராம். மல்லாந்து படுத்தால் கழுத்து தாங்கவில்லை, பாதி வழியில் தூங்கியும் போகிறார், "தவறாகச் செய்கிறேனா?" என்கிறார்.

மல்லாந்து படுக்க வேண்டும் என்று சட்டமில்லை. பக்கவாட்டில் படுங்கள், தலையணையைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு செய்யலாம். நான் பாதி நாள் அப்படித்தான். கழுத்திலிருந்து தொடங்காதீர்கள். வலிக்காத இடத்தில் தொடங்குங்கள், உங்களுக்கு இடது கை என்று நினைக்கிறேன். கழுத்துக்கு அருகில் வரும்போது வேண்டாம் என்று தோன்றினால் தாண்டிவிடுங்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு உங்களை விட்டுவிட்டு வயிற்றுக்குப் போய்விட்டால் போகட்டும், அல்லது அணைத்துவிடுங்கள்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். நாள்பட்ட வலிக்காரருக்குத் தூக்கம் கிடைத்தால் அதை எழுப்பிவிட்டுத் தியானம் செய்யச் சொல்லுகிற ஆள் நான் இல்லை. விழிப்போடு செய்ய வேண்டும் என்றால் காலையில், உட்கார்ந்து, பத்து நிமிடம்.